பரிசுத்த ஆவியும் ஓர் இடைச்சொல்லும்

கிறிஸ்து மார்க்கத்தின் மூலசத்தியங்களுள் திரித்துவத்தைப்போல் மாணவர் மனத்தைத் திகைக்கச் செய்வது பிறிதொன்றில்லை. ஒருவர் மூவராவது எங்ஙனம் என்று வினவுவோர் பலர். அக்கொள்கை திருச்சபையின் வாயில் எவ்வாறு வந்தது என்று வினவுவோர் சிலரே. தத்துவ ஞானிகள் சிலர் ஓய்வாக அமர்ந்து சிந்தித்துக் கட்டிய கோட்டை அஃது எனப் பலரும் எண்ணுகின்றனர். வரலாறோ வேறு கூறுகின்றது. ஆலயத்தில் ஜனங்கள் கேட்டுப் பழகிய ஸ்தோத்திரத்தில் ஓர் இடைச்சொல் மாறிற்றென்று எழுந்த வழக்கே, பரிசுத்த ஆவியைப்பற்றிய உபதேசம் தெளிவுறுதற்குப் பெரியதோர் வாயிலாயிற்று. வேற்றுமையுருபுகளின் பொருளைச் சிறு வயது முதலே கற்றுவரும் தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கின் நுட்பம் எளிதில் விளங்கும். ஆதலின் அதனை ஈண்டுச் சற்று விரித்து ஆராய்வோம்.

நைசீயாவில் முடிவுறாத கேள்வி

அலெக்சந்திரியா நகரத்துக் குருவாகிய ஆரியுஸ் என்பார், ஏறக்குறைய 318-ஆம் ஆண்டில், குமாரன் பிதாவினால் உண்டாக்கப்பட்டவரே என்றும், ஆகவே அவர் இல்லாதிருந்த நிலையும் உண்டு என்றும் போதிக்கத் தொடங்கினார். 325-ஆம் ஆண்டில் நைசீயாவில் கூடிய சங்கம் இதனை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. ஆயின் பரிசுத்த ஆவியைக் குறித்து அச்சங்கம் விரிவாக ஒன்றும் உரைக்கவில்லை. அவரையும் விசுவாசிப்பதாக ஒரு சிறு தொடர் மாத்திரம் கூறி நிறுத்திற்று. அக்காலத்து வழக்கு குமாரனைப் பற்றியதாதலின், கேளாத கேள்விக்கு விடை கூறுவார் இல்லாதிருந்தது இயல்பே.

ஆனால் ஒரு கேள்விக்குக் கூறிய விடை மற்றொரு கேள்வியைப் பிறப்பிக்கும். குமாரன் சிருஷ்டியல்லர் என்று ஒப்புக்கொண்டவர்களுள்ளும் சிலர், ஆவியானவரைச் சிருஷ்டிகளின் வரிசையில் வைக்கத் தலைப்பட்டனர். நைல் நதி முகத்துவாரத்திலுள்ள த்முயிஸ் என்னும் ஊரின் அத்தியட்சராகிய செராப்பியோன், தம் நாட்டில் இவ்வாறு கூறுவோர் எழுந்தனர் என்று அத்தனாசியுஸுக்கு அறிவித்தார். அத்தனாசியுஸ் அப்பொழுது பேரரசனது கோபத்துக்குத் தப்பிப் பாலைவனத்துத் துறவிகளிடையே மறைந்து வாழ்ந்திருந்தார். அங்கிருந்தே, 357-ஆம் ஆண்டை யடுத்த சில ஆண்டுகளில், அவர் செராப்பியோனுக்கு மறுமொழியாகக் கடிதங்கள் எழுதினார்.

எதிர்வாதிகள் காட்டிய ஆதாரங்களுள் ஒன்று ஆமோஸ் 4:13. அவ்விடத்தில் தேவன் ஆவியைச் சிருஷ்டிப்பவர் எனக் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பதாக அவர்கள் கூறினர். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஆவிக்கும் காற்றுக்கும் சொல் ஒன்றே என்பதும், அவ்விடத்தில் பேசப்படுவது காற்றே என்பதும் நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பார்ப்பார்க்கு உடனே புலனாகும். அத்தனாசியுஸும் இவ்வழியே விடை கூறினார்.

அவர்களது மற்றொரு கேள்வியில் ஏளனம் கலந்திருந்தது. ஆவியானவர் பிதாவினிடத்திலிருந்து வருபவராயின், அவரும் ஒரு குமாரனாவர். அப்படியாயின் கிறிஸ்துவுக்கு ஒரு சகோதரர் உண்டு என்றாகும். குமாரனிடத்திலிருந்து வருபவராயின், பிதா பாட்டனாராவர். இரண்டும் தகாதனவாதலின் ஆவியைச் சிருஷ்டி என்பதே முறை என்றனர். மானிடக் குடும்பத்தின் முறைப்பெயர்களைத் தேவனிடத்தில் அளவுகோலாக வைப்பதே இதன் குற்றம் என்று அத்தனாசியுஸ் காட்டினார். பின்னர், வழக்கு முழுவதற்கும் ஆதாரமான ஒரு நியாயத்தை எடுத்துரைத்தார். ஆவியானவரைப் பெற்றே நாம் தேவனுடைய ஜீவனில் பங்குடையவராகிறோம் என்பது திருச்சபையின் நம்பிக்கை. சிருஷ்டியைப் பெற்றவன் சிருஷ்டியிலே பங்கு பெறுவானேயன்றித் தேவனிலே பங்கு பெறான். எனவே நம்மைத் தேவனோடு சேர்ப்பவர் தாமே தேவத்துவத்துக்குப் புறம்பானவராயிருத்தல் கூடாது. குமாரன் பிதாவுக்கு எவ்வாறு உரியவரோ, அவ்வாறே ஆவியானவர் குமாரனுக்கு உரியவர். கிறிஸ்துவையும் ஆவியையும் பிரித்துப் பேசுவோர் இருவரையும் இழப்பர் என்பதே அக்கடிதங்களின் திரண்ட கருத்து.

செசரியா ஆலயத்தில் எழுந்த முறுமுறுப்பு

எகிப்தில் எழுந்த கேள்வி சின்ன ஆசியாவிலும் பரவிற்று. அந்நாட்டில் கப்பதோக்கியாவின் தலைநகரான செசரியாவுக்கு 370-ஆம் ஆண்டில் அத்தியட்சரானவர் பாசில். கல்வியிலும் துறவொழுக்கத்திலும் ஏழைகளுக்கு இரங்கும் அறத்திலும் சிறந்த அவர், ஆராதனையை நடத்துங்கால் துதியுரையை இருவகையாகக் கூறுவதுண்டு. சில வேளை, குமாரன் மூலமாய், பரிசுத்த ஆவியில், பிதாவுக்கு மகிமை என்பார். சில வேளை, குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் கூடப் பிதாவுக்கு மகிமை என்பார். இவற்றுள் இரண்டாவதைக் கேட்ட சிலர் முறுமுறுத்தனர். இது புதுமை என்றும், முன் கூறியதற்கு முரண் என்றும் குற்றஞ்சாட்டினர். இவ்வழக்கைப்பற்றித் தெளிவு வேண்டிக் கேட்ட நண்பர், இக்கோனியாவின் அத்தியட்சராகிய அம்பிலோக்கியுஸ். அவருக்கு விடையாகப் பாசில் 374, 375-ஆம் ஆண்டுகளையொட்டி எழுதியதே ‘பரிசுத்த ஆவியைக் குறித்து’ என்னும் முப்பது அதிகாரமுள்ள நூல்.

அசைகளையும் எழுத்துக்களையும் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என நகைப்பாரை நோக்கிப் பாசில் அந்நூலின் தொடக்கத்திலேயே விடை கூறுகிறார். எழுத்தறியாதவன் சொல்லறியான், சிறியதை இகழ்பவன் பெரியதை எய்தான். ‘ஆம்’, ‘இல்லை’ என்பன மிகச் சிறிய சொற்கள். ஆயினும் அவற்றுள் ஒன்றைச் சொல்லுதற்காக உயிரை விட்ட இரத்தசாட்சிகள் உண்டு அன்றோ?

உருபுகளைக்கொண்டு கட்டிய வாதம்

எதிர்வாதிகளின் கொள்கை அயேத்தியுஸ் என்னும் ஆரியக் கட்சித் தர்க்கவாதியின் சூத்திரம் ஒன்றைத் தழுவியது. இயற்கையால் வேறுபட்ட பொருள்கள் வேறுபட்ட சொற்களால் குறிக்கப்படும். ஆகவே வேறுபட்ட சொற்களால் குறிக்கப்படுவன இயற்கையாலும் வேறுபட்டனவே என்பது அது. 1 கொரிந்தியர் 8:6-இல் பவுல் அப்போஸ்தலர், சகலமும் பிதாவினின்று உண்டானவை என்றும், கிறிஸ்துவின் மூலமாய் உண்டானவை என்றும் கூறுகின்றார். இதனைக்கொண்டு அவர்கள் ஓர் அட்டவணை வகுத்தனர். ‘இன்று’ என்னும் நீக்கப்பொருள் பிதாவுக்குரியது. ‘மூலமாய்’ என்னும் கருவிப்பொருள் குமாரனுக்குரியது. ‘இல்’ என்னும் இடப்பொருள் ஆவிக்குரியது. கருத்தாவைவிடக் கருவி தாழ்ந்தது. கருவியைவிட இடம் தாழ்ந்தது. எனவே தேவத்துவம் படிப்படியாய் இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு.

நம் இலக்கண முறையில் கூறின், ஐந்தாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் மூன்று சாதிகளாக வகுக்கப்பட்டன எனலாம். இவ்வட்டவணை வேதத்தினின்று எடுத்ததன்று, காரணங்களை வகைப்படுத்திய புறமத ஞானிகளின் நூல்களினின்று எடுத்தது என்று பாசில் முதலில் சுட்டுகிறார். பின்னர் வேதவாக்கியங்களையே சான்றாக நிறுத்துகிறார். 1 கொரிந்தியர் 1:9-இல் ‘மூலமாய்’ என்னும் சொல் பிதாவுக்கே வருகிறது. எபேசியர் 4:16-இல் சரீரம் முழுவதும் கிறிஸ்துவினின்று வளர்வதாகக் கூறப்படுகிறது. மத்தேயு 1:20-இல் மரியாளின் கர்ப்பம் பரிசுத்த ஆவியினின்று உண்டானது என்பதற்கும் அதே கிரேக்க உருபே வருகிறது. 1 தெசலோனிக்கேயர் 1:1-இல் சபையானது பிதாவாகிய தேவனில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இவ்வாறு மூன்று உருபுகளும் மூவருக்கும் வருதலின், உருபைக்கொண்டு தாரதம்மியம் கற்பித்தல் தகாது என்று நிறுவினார்.

‘ஓடு’ என்பதும் ‘இல்’ என்பதும்

மறுப்புரையோடு அவர் நின்றிருப்பின், இந்நூல் இலக்கண வாதமாகவே முடிந்திருக்கும். அவர் அதற்குமேலும் சென்று, இரண்டு துதிகளும் ஏன் வேண்டும் என்று விளக்குகிறார். நூலின் உயிர்நிலை இதுவே.

நம் தமிழில் ‘ஆல்’, ‘ஓடு’ இரண்டும் மூன்றாம் வேற்றுமையுருபுகளேயாயினும், முன்னது கருவியையும் கருத்தாவையும், பின்னது உடனிகழ்ச்சியையும் காட்டும். ‘ஒடு’ உருபு உயர்ந்த பொருளின் பெயரையே சார்ந்து நிற்கும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதிக்கின்றது. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதே மரபு. மாணவரோடு ஆசிரியர் வந்தார் என்பது வரிசையைக் குலைப்பதாகும். இவ்விதி கிரேக்க மொழிக்கு இல்லை. எனினும், ஒரு சிறு உருபு மதிப்பையும் வரிசையையும் சுமக்கவல்லது என்பதை இவ்விதி அறிந்த தமிழர் எளிதில் உணர்வர். செசரியாவில் முறுமுறுத்தவர் செவியிலும் அத்தகைய உணர்ச்சியே எழுந்தது. அரசனுக்குச் செலுத்தும் மரியாதையில் ஊழியனை ‘ஓடு’ சேர்த்துக் கூறுவாருண்டோ என்பதே அவர்கள் மனக்குறை.

பாசிலின் விடை பின்வருமாறு அமைகிறது. ‘ஓடு’ என்பது ஆவியானவர் தம்மில்தாமே உடைய மாட்சியையும், பிதாவோடும் குமாரனோடும் அவருக்குள்ள பிரியாத ஐக்கியத்தையும் கூறும். ‘இல்’ என்பது அவர் நமக்குச் செய்யும் கிருபையைக் கூறும். அவருள் நின்றே நாம் தொழ வல்லவராகிறோம். அவர் ஒளியிலன்றிக் குமாரனைக் காணமாட்டோம். குமாரனைக் காணாதார் பிதாவை அறியமாட்டார். தேவனை அறியும் வழி ஒரே ஆவியிலிருந்து ஒரே குமாரன் மூலமாய் ஒரே பிதாவினிடத்திற்கு ஏறிச்செல்கிறது. நன்மையும் பரிசுத்தமும் பிதாவினின்று குமாரன் மூலமாய் ஆவியானவரால் நம்மிடம் இறங்கிவருகின்றன. எனவே அவருடைய மகிமையை நினைக்கும்போது ‘ஓடு’ என்கிறோம். நம்முடைய வறுமையை நினைக்கும்போது ‘இல்’ என்கிறோம். ஒன்று மற்றொன்றுக்கு முரணாகாது.

இவ்வுருபில் வேறொரு பயனும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டினராகிய சபெல்லியுஸின் பெயரால் வழங்கிய கொள்கை, பிதா, குமாரன், ஆவி என்பன ஒருவரே மேற்கொண்ட மூன்று வேடப்பெயர்கள் என்றது. ஒருவன் தன்னோடு தான் வந்தான் என்று எவரும் கூறார். ஆதலின் ‘ஓடு’ என்ற மாத்திரத்தில் ஆள்தன்மையின் வேறுபாடும் பெறப்படும், பிரியாமையும் பெறப்படும். ஆரியுஸின் பிழையையும் சபெல்லியுஸின் பிழையையும் ஒருங்கே விலக்கும் வன்மை இச்சிறு சொல்லுக்கு உண்டு எனப் பாசில் கண்டார்.

ஆயினும் அவர் சொல்லுக்கு அடிமையானவர் அல்லர். கர்த்தர் கட்டளையிட்ட ஞானஸ்நான வாசகத்தில் மூன்று நாமங்களும் எண்ணும்மையால் இணைக்கப்பட்டுள்ளன. ‘ஓடு’ எனினும் ‘உம்’ எனினும் கருத்து ஒன்றே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். மெசபொத்தாமியா நாட்டார் ஒருவர் வாயிலாக அவர் அறிந்த செய்தியையும் இவ்விடத்தில் குறிக்கிறார். அந்நாட்டு மொழியில், விரும்பினாலும் வேறுவிதமாய்க் கூற இயலாது. மூவரையும் ‘உம்’ என்பதற்கு நிகரான அசையால் இணைத்தே துதிக்கவேண்டும் என்பது அச்செய்தி. மாலையில் விளக்கேற்றும் வேளையில் ஜனங்கள் பாடிவந்த பழைய கீதத்தையும் அவர் சாட்சியாகக் கொள்கிறார். அதனை இயற்றியவர் யார் என்று அறியார். ஆயினும் ஜனங்களின் வாயில் அது பழமையாய் வழங்குவதே அவருக்குப் போதிய சான்று. கற்றோர் தருக்கித்த பொருளைக் கல்லாதார் பாட்டு முன்னமே அறிந்திருந்தது என்க.

நட்பும் பொறுமையும்

இவ்வாராய்ச்சியின் பின்னால் ஒரு துயரமும் உண்டு. ஆவியின் தேவத்துவத்தை எதிர்த்தவர்களுக்குத் தலைவராக நின்ற செபஸ்தே நகரத்து எவுஸ்தாத்தியுஸ், பாசிலுக்குத் துறவொழுக்கம் பழக்கிய பெரியார், நெடுநாள் நண்பர். 373-ஆம் ஆண்டில் இருவரும் கூடிப் பேசினர். பாசில் எழுதிய விசுவாச அறிக்கையில் எவுஸ்தாத்தியுஸ் கையொப்பமிட்டார்; பின்னர் அதனைக் கைவிட்டுப் பாசிலையே தூற்றினார். அவ்வுரையாடலின் சாயல் நூலின் நடுப்பகுதியில் காணப்படுகிறதென அறிஞர் சிலர் கருதுவர். நண்பனை இழந்தும் பாசில் நெடுநாள் மௌனமாயிருந்தார் என்பது அவர் கடிதங்களால் தெரியவருகிறது.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. பாசில் இந்நூலில் ஆவியானவர் தேவனோடு ஒப்பத் தொழப்படத்தக்கவர் எனப் பலவிடத்தும் நிறுவினாரெனினும், ‘ஆவி தேவனே’ என்று வெளிப்படையாக எழுதவில்லை. ஆரியக் கட்சியை ஆதரித்த வாலென்ஸ் பேரரசன் ஆண்ட காலம் அது. சொல் ஒன்றைப் பற்றிக்கொண்டு அவரை ஆலயத்தினின்று துரத்தக் காத்திருந்தவர் உளர். அன்றியும் ஐயுற்று நின்ற எளியோரை வன்சொல்லால் விரட்டாமல், தொழுகையின் வழியே மெல்ல அழைத்துவர வேண்டுமென்பது அவர் கருத்து. தைரியமற்றவர் என்று துறவிகள் சிலர் அவரைக் குறைகூறினர். அவரது ஆருயிர் நண்பராகிய நசியான்சு கிரெகோரிக்கே இவ்வடக்கம் சற்று வருத்தந்தந்தது. ஆனால் 373-இல் மரித்த அத்தனாசியுஸ், தம் இறுதிக்காலத்தில், பாசில் பலவீனரை ஆதாயப்படுத்தவே பலவீனரைப்போல் ஆகிறார் என்று அவர் சார்பாக எழுதினார்.

381-ஆம் ஆண்டுச் சங்கம்

பாசில் 379-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் கூறாது விட்டதைக் கூறும் பணி கிரெகோரியின் மேல் விழுந்தது. 380-ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்தில் அவர் நிகழ்த்திய பேருரைகளுள் ஐந்தாவது, ஆவியானவர் தேவனே என்றும் ஒரே தன்மையுடையவரே என்றும் ஒளிவுமறைவின்றி முழங்கிற்று. சகோதரர், பாட்டனார் என்னும் பழைய ஏளனத்துக்கும் அவர் ஓர் உவமையால் விடை கூறினார். ஏவாள் ஆதாமினின்று வந்தவள். சேத் ஆதாமுக்குப் பிறந்தவன். வந்தமுறை வேறு, ஆயினும் இருவரும் ஆதாமின் மானிடத்தன்மையே உடையர். அவ்வாறே பிறத்தலும் புறப்படுதலும் வெவ்வேறாயினும் தன்மை ஒன்றே என்றார்.

381-ஆம் ஆண்டில் தெயோதோசியுஸ் பேரரசன் அழைப்பால் அந்நகரத்தில் சங்கம் கூடிற்று. அத்தியட்சர் ஏறக்குறைய 150 பேர் வந்திருந்தனர். எதிர்க்கட்சியைச் சார்ந்த 36 பேரும் வந்து, இசையாமல் வெளியேறினர். இச்சங்கத்துக்குரியதென 451-ஆம் ஆண்டில் கல்கெதோன் சங்கம் படித்து ஏற்றுக்கொண்ட விசுவாசப் பிரமாணத்தையே நாம் நற்கருணை ஆராதனையில் சொல்லிவருகிறோம். அதில் ஆவியானவர் கர்த்தர், ஜீவனைத் தருபவர், பிதாவினிடத்திலிருந்து புறப்படுபவர், தீர்க்கதரிசிகள் மூலமாய் உரைத்தவர் என்று கூறப்படுகின்றார். கிரெகோரி விரும்பிய ‘தேவன்’, ‘ஒரே தன்மையுடையவர்’ என்னும் சொற்கள் ஆவியைக் குறித்து அங்கு வரவில்லை. அவற்றின் இடத்தில் வருவது யாது? பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்பட்டு மகிமைப்படுபவர் என்னும் கருத்து. கிரேக்க மூலத்தில் தொழப்படுதல், மகிமைப்படுதல் என்னும் இரு வினைகளுக்கும் முன்னால் ‘கூட’ என்னும் பொருள்தரும் ‘சின்’ என்ற அசை ஒட்டி நிற்கிறது. செசரியா ஆலயத்தில் சிலர் முறுமுறுத்த அதே இடைச்சொல், பாசில் மரித்த மூன்றாண்டுகளுக்குள், திருச்சபை அனைத்தின் அறிக்கையிலும் ஏறி அமர்ந்தது!

பின்னெழுந்த ‘உம்’

இனி, கிறிஸ்துவுக்கும் ஆவிக்கும் உள்ள உறவைப்பற்றிப் பின்னாளில் எழுந்த வழக்கும் ஓர் இடைச்சொல்லையே பற்றியது. ஆவியானவர் பிதாவினிடத்திலிருந்து புறப்படுபவர் என்பது 381-ஆம் ஆண்டின் சொல். மேற்றிசைத் திருச்சபையோ, அகுஸ்தீனுடைய நூல்களைப் பின்பற்றி, ஆவியானவர் பிதாவையும் குமாரனையும் பிணைக்கும் அன்பு எனக் கருதி, குமாரனிடத்திலிருந்தும் புறப்படுபவர் என்று கூறலாயிற்று. லத்தீனில் ‘பிலியோகுவே’ என்னும் இச்சொல்லின் ஈற்றசையாகிய ‘குவே’ நம் எண்ணும்மைக்கு நேரானது. ஆறாம் நூற்றாண்டு முதல் ஸ்பெயின் நாட்டுச் சபைகள் இக்கொள்கையை வற்புறுத்தின. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரி அத்தியட்சராகிய மூன்றாம் லேயோ, கொள்கையை மறுக்காவிடினும், இச்சொல் சேராத பிரமாணத்தையே வெள்ளித் தகடுகளில் பொறித்து வைத்தார். 1014-இல் இரண்டாம் ஹென்றி பேரரசனாக முடிசூடியபோது ரோமாபுரித் திருப்பலியில் பிரமாணம் பாடும் வழக்கம் புகுந்தது. அதனோடு இவ்வும்மையும் புகுந்தது. 1054-ஆம் ஆண்டின் பிளவில் இதுவும் ஒரு காரணமாயிற்று. 1439-இல் புளோரன்சு நகரத்துச் சங்கம் செய்த உடன்பாடு கீழ்த்திசையில் நிலைக்கவில்லை.

இரு சாராரும் காத்தது யாது என்று பாகுபாடின்றி நோக்குதல் மாணவர் கடன். கீழ்த்திசையார், தேவத்துவத்தின் ஊற்று பிதா ஒருவரே என்பதைக் காத்தனர். மேற்றிசையார், கிறிஸ்துவை விட்டு ஆவியைத் தேடலாகாது என்பதைக் காத்தனர். ஏழாம் நூற்றாண்டிலேயே மாக்சிமுஸ் என்னும் கிரேக்கத் துறவி, லத்தீனர் குமாரனை மூலகாரணமாக்கவில்லை என்று அவர்களுக்காகப் பரிந்து எழுதினார். 1978-இல் லாம்பெத் மாநாடு, இச்சொல்லை நீக்குவதுபற்றி ஆலோசிக்குமாறு ஆங்கிலிக்கன் சபைகளைக் கேட்டுக்கொண்டது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையையும் அங்கமாகக் கொண்ட உலக லுத்தரன் ஐக்கியமும் கீழ்த்திசைச் சபைகளும் 2024-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, கிரேக்க மூலத்தின்படி மொழிபெயர்த்த பிரமாணத்தை வழங்கலாம் என்று யோசனை கூறிற்று. ஆயிரம் ஆண்டு நின்ற சுவரில் இஃது ஒரு சாளரம் எனலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் பெறும் போதனை யாது? திரித்துவ உபதேசம் ஒரு கணக்குப் புதிராக எழுந்ததன்று. நாம் யாரைத் தொழுகிறோம், யாருள் நின்று தொழுகிறோம் என்னும் இரு கேள்விகளை நேர்மையுடன் கேட்டவர் கண்ட விடையே அது. நமக்குள் வந்து ஜெபிக்கக் கற்பிப்பவர் சிருஷ்டியாயின், தேவன் இன்னும் நமக்குத் தூரத்திலேயே இருக்கிறார். அவர் தேவனாயின், தேவனே நம்மிடம் வந்துவிட்டார். வழக்கின் முழுப் பாரமும் இவ்விரண்டனுக்கும் இடையில் தங்கியுள்ளது.

தமிழில் ‘ஆவி’ என்பது அஃறிணைச் சொல். ஆயினும் நம் வேதாகமமும் ஜெபங்களும் ‘ஆவியானவர்’ என்று உயர்திணையாக்கிப் பன்மை மரியாதையுடன் அழைக்கின்றன. அவ்வாறு அழைக்கும் பாட்டியாரும் சிறுவரும் பாசிலின் நூலைக் கண்டதில்லை. ஆயினும் அவர் நிறுவிய பொருளையே நாள்தோறும் நாவால் அறிக்கையிடுகின்றனர். கல்லூரியில் பயில்வோர் அப்பேச்சை அற்பமென்று கடந்து செல்லாது, அதன் பொருளறிந்து சொல்லக் கடமைப்பட்டவராவர். வரும் ஞாயிற்றுக்கிழமை பிரமாணத்தைச் சொல்லுங்கால், ‘ஓடு’ என்னும் உருபு வருமிடத்தில் ஒரு கணம் நின்று, அதன் பாரத்தை உணர்வோமாக.